பிரௌனிங்கின் 'தி லேபரட்டரி' கவிதையில் பொறாமையும் பழிவாங்கலும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

'தி லேபரட்டரி' யார் எழுதிய கவிதை? எப்போது வெளிவந்தது?

இங்கிலாந்துக் கவிஞர் ராபர்ட் பிரௌனிங் எழுதியது. 1812இல் லண்டனின் கேம்பர்வெல் பகுதியில் பிறந்து 1889இல் வெனிஸ் நகரில் மறைந்த இவர், விக்டோரியா காலத்தில் நாடகத் தனிமொழி என்ற கவிதை வடிவத்தை ஏறக்குறைய தம் தனிச்சொத்தாகவே ஆக்கிக்கொண்டவர். இந்தக் கவிதை 1844 ஜூன் மாதம் 'ஹுட்ஸ் மேகசின்' இதழில் முதலில் அச்சேறியது. இதழை நடத்திவந்த கவிஞர் தாமஸ் ஹுட் அப்போது நோயில் படுத்திருந்தார். அவருக்குக் கைகொடுப்பதற்காகப் படைப்புகள் அனுப்பிய எழுத்தாளர்களில் பிரௌனிங்கும் ஒருவர்.

அடுத்த ஆண்டு 'டிரமாட்டிக் ரொமான்ஸஸ் அண்ட் லிரிக்ஸ்' தொகுப்பில், பிரான்சும் ஸ்பெயினும் என்று பொருள்படும் பொதுத் தலைப்பின் கீழ், 'தி கன்ஃபெஷனல்' என்ற கவிதைக்கு இணையாக இது வைக்கப்பட்டது. அந்த இணைக் கவிதையில் பேசுபவளும் ஒரு பெண்தான்; பாதிரியாரை நம்பிக் காதலனைப் பற்றிய இரகசியத்தைச் சொல்லி, அதனாலேயே அவனை இழந்தவள். இரண்டையும் அடுத்தடுத்துப் படித்தால், வஞ்சிக்கப்பட்ட பெண்ணின் சினம் போகக்கூடிய இரண்டு திசைகள் தெரியும். 'தி லேபரட்டரி' நான்கு வரிகள் கொண்ட 12 பத்திகளால் ஆனது, அதாவது மொத்தம் 48 வரிகள்.

கவிதையில் என்னதான் நடக்கிறது?

வெளியே பார்த்தால் மிகக் குறைவாகவே நடக்கிறது. 1789ஆம் ஆண்டுப் புரட்சிக்கு முந்தைய பிரான்சில், அரசவைக்குப் போய்வரும் ஒரு பெண், நஞ்சு தயாரிக்கும் கிழவர் ஒருவரின் புகை மண்டிய அறையில் உட்கார்ந்திருக்கிறாள். நச்சுப் புகை தாக்காமல் இருக்க முகத்தில் கண்ணாடி முகமூடி கட்டியிருக்கிறாள். அவள் காதலன் வேறொருத்தியோடு இருக்கிறான். அந்த வேறொருத்தியைக் கொல்வதற்கான நஞ்சு கல்வத்தில் அரைபட்டுக்கொண்டிருக்கிறது. அரைத்து முடியும்வரை அவள் பேசுகிறாள். முடிந்ததும் தன் நகைகளையும் பொன்னையும் அவரிடம் கொடுத்துவிட்டு, உடையில் படிந்த தூசியைத் தட்டிவிடச் சொல்லி, அரண்மனை நடனத்துக்குப் புறப்படுகிறாள். அத்தோடு கவிதை முடிகிறது.

உள்ளே நடப்பதுதான் அதிகம். காத்திருக்கும் அந்தச் சிறு பொழுதுக்குள் ஆத்திரம், குழந்தைத்தனமான வியப்பு, பேராசை, அவசரம், சந்தேகம், கொடூரம், களிப்பு என்று அவள் மனம் ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவுகிறது. முதல் பத்தியின் கடைசி வரியிலேயே, இருப்பவற்றில் அந்த வேறொருத்தியைக் கொல்லப்போகும் நஞ்சு எது என்று கேட்டுவிடுகிறாள். எனவே என்ன செய்யப்போகிறாள் என்ற மர்மம் எதுவும் இல்லை. கவிதையின் விறுவிறுப்பு முழுவதும் அவள் எப்படிப்பட்டவள் என்பதில்தான் இருக்கிறது.

நாடகத் தனிமொழி என்பது என்ன? நாடகத்தில் வரும் தனிப்பேச்சிலிருந்து இது எப்படி வேறுபடுகிறது?

கவிஞர் அல்லாத ஒரு பாத்திரம், ஒரு குறிப்பிட்ட நெருக்கடியில், எதிரில் இருக்கும் ஒருவரிடம் பேசுகிறது. எதிரில் இருப்பவரின் பேச்சு நமக்குக் கேட்பதில்லை; பேசுபவரின் சொற்களை வைத்தே அதை ஊகித்துக்கொள்ள வேண்டும். பேசுபவர் தம்மை நியாயப்படுத்தப் பேசுவார், ஆனால் சொல்ல நினைக்காத பலவற்றையும் சேர்த்தே சொல்லிவிடுவார். மேடையில் தனித்து நின்று மனத்துக்குள் பேசிக்கொள்ளும் பேச்சில் கேட்பவர் இல்லை, இங்கே இருக்கிறார்.

சங்க அகப்பாடல்களைப் படித்தவர்களுக்கு இந்த வடிவம் புதிதாகத் தோன்றாது. தலைவி கூற்று, தோழி கூற்று, பரத்தை கூற்று என்று அங்கும் ஒருவர் பேச, மற்றவர் கேட்டபடியே நிற்கிறார். குறுந்தொகையின் எட்டாம் பாடலில் காதற்பரத்தை, தலைவியின் தோழியர் காதில் விழும்படி, தலைவன் தன் வீட்டில் கண்ணாடிப் பாவையைப் போல மனைவி ஆட்டுவிக்க ஆடுகிறான் என்று எள்ளி நகையாடுகிறாள். அதுவும் பொறாமையிலிருந்து பிறந்த பேச்சுதான். ஆனால் அங்கே ஊடலும் எள்ளலும் எல்லைக்குள் நிற்கின்றன. மருதத்திணையில் யாரும் நஞ்சு அரைப்பதில்லை. ஒப்புமையை வடிவத்தோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

பேசும் பெண் உண்மையில் வாழ்ந்தவரா?

கவிதையில் அவளுக்குப் பெயர் இல்லை. எனினும் படிப்பவர்கள் பலரும் 17ஆம் நூற்றாண்டுப் பிரான்சின் பிரின்வில்லியே சீமாட்டியை நினைப்பது வழக்கம். மரீ மாதலேன் தோப்ரே என்ற அந்தப் பெண், கோதேன் த சேந்த் குருவா என்ற படைத்துறைக் காதலனோடு சேர்ந்து, 1666இல் தன் தந்தையையும் 1670இல் தன் இரு சகோதரர்களையும் நஞ்சிட்டுக் கொன்றதாகத் தண்டிக்கப்பட்டவர். 1676 ஜூலை 17 அன்று பாரிசில் தலை துண்டிக்கப்பட்டு, உடல் எரிக்கப்பட்டது. அதை அன்றே கடிதத்தில் எழுதிய செவின்யே சீமாட்டி, அந்தச் சின்னஞ்சிறு உடலின் சாம்பல் காற்றில் கலந்துவிட்டதால் இனி நாம் அவளையே மூச்சில் இழுப்போம், நஞ்சூட்டும் ஆசை நமக்கும் தொற்றிக்கொள்ளும் என்று கேலியும் நடுக்கமும் கலந்து குறிப்பிட்டார்.

அவர் தண்டிக்கப்பட்ட அடுத்த சில ஆண்டுகளில் பாரிசை உலுக்கியது 'நஞ்சு விவகாரம்'. காவல் தலைவர் லா ரேனி விசாரிக்க விசாரிக்க, குறிசொல்பவர்களிடமும் மருந்து விற்பவர்களிடமும் உயர்குடியினர் வசியப் பொடியும் நஞ்சும் வாங்கிவந்தது வெளிப்பட்டது. 1679இல் தனி நீதிமன்றம் அமைக்கப்பட்டது. லா வுவாசேன் என்று அறியப்பட்ட குறிசொல்லும் பெண் 1680இல் உயிரோடு எரிக்கப்பட்டார். அரசர் பதினான்காம் லூயியின் ஆசைநாயகி மோந்தெஸ்பான் சீமாட்டியின் பெயரும் இழுக்கப்பட்டது. அரசரின் புதிய காதலியான இளம்பெண்ணைக் கொல்ல முயன்றார் என்பது அவர்மீது கூறப்பட்டவற்றில் ஒன்று. அரசர் 1682இல் அந்த நீதிமன்றத்தையே கலைத்துவிட்டார்.

பிரௌனிங் எதை எடுத்துக்கொண்டார், எதை விட்டார் என்பது கவனிக்கத்தக்கது. பிரின்வில்லியேயின் கொலைகளுக்குக் காரணம் குடும்பச் சொத்து. அன்றைய பாரிசில் நஞ்சுக்குச் 'சொத்துரிமைப் பொடி' என்று பொருள்படும் பட்டப்பெயரே இருந்தது. கவிதையிலோ பணம் வருவதில்லை, போகிறது. தன் செல்வம் முழுவதையும் ஒரு துளிக்காக அவள் கொடுத்துவிடுகிறாள். அந்தக் காலத்துச் சூழலை மட்டும் எடுத்துக்கொண்டு, உள்ளே பொறாமையை வைத்திருக்கிறார்.

கண்ணாடி முகமூடி எங்கிருந்து வந்தது?

சேந்த் குருவா 1672இல் இறந்தபோது பிறந்த ஒரு கட்டுக்கதையிலிருந்து வந்திருக்கலாம். நஞ்சு காய்ச்சிக்கொண்டிருக்கையில் முகத்தில் கட்டியிருந்த கண்ணாடிக் கவசம் கழன்று விழுந்து, புகையை இழுத்து அவன் செத்தான் என்பது கதை. உண்மையில் அவன் நோயில் இறந்தான். கதை பொய்யானாலும் கவிதைக்கு நன்றாகவே பயன்பட்டிருக்கிறது. ஊடாகப் பார்க்க முடிகிற, அதே சமயம் முகத்தை மறைக்கிற ஒரு பொருள் இந்தப் பெண்ணுக்கு மிகவும் பொருத்தமானது. ஏன் என்பது அடுத்த விடையில் வருகிறது.

அவளுடைய பொறாமை எப்படிப்பட்டது?

இந்தக் கவிதையின் பொறாமை கண்ணில் குடியிருக்கிறது என்பது என் கருத்து. யார் யாரைப் பார்க்கிறார்கள், யார் யார் கண்ணில் படுகிறார்கள் என்பதே தொடக்கம் முதல் இறுதிவரை அவளை ஆட்டிவைக்கிறது.

இரண்டாம் பத்தியைப் பாருங்கள். அவன் அவளோடு இருக்கிறான். அவர்கள் எங்கே இருக்கிறார்கள், என்ன செய்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும் என்று அவர்களுக்கும் தெரியும் என்கிறாள். ஒளித்து மறைத்துச் செய்த துரோகம் என்றால் ஒருவேளை அவள் தாங்கியிருப்பாள். தெரிந்தும் இவளால் ஒன்றும் செய்ய முடியாது என்ற அவர்களின் அலட்சியம்தான் வயிற்றை எரிக்கிறது. ஆளில்லாத தேவாலயத்துக்கு ஓடிப்போய்க் கடவுளிடம் அழுதுகொண்டிருப்பாள் என்று எண்ணி அவர்கள் சிரிப்பதாகச் சொல்கிறாள். அந்தச் சிரிப்பை அவள் கேட்கவில்லை, கற்பனை செய்கிறாள். 'சிரிக்கிறார்கள், என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள், என்னை' என்று சொல் திரும்பத் திரும்ப வருவதிலேயே அவள் அதை எத்தனை முறை மனத்துக்குள் ஓட்டிப் பார்த்திருப்பாள் என்பது தெரிகிறது. பத்தியின் கடைசியில் 'நான் இங்கே இருக்கிறேன்' என்று முடிக்கிறாள். அதுதான் அவளுடைய முதல் வெற்றி. அவள் எங்கே இருக்கிறாள் என்பது இப்போது அவர்களுக்குத் தெரியாது.

ஒன்பதாம் பத்தியில் இது உச்சத்துக்குப் போகிறது. முந்தைய இரவு அவர்கள் இருவரும் கிசுகிசுத்துக்கொண்டிருந்தபோது எதிரியின்மீது தன் கண்களை நிறுத்தினாளாம். அரை நிமிடம் அப்படியே நிறுத்த முடிந்தால் அவள் கருகிச் சுருண்டு விழுவாள் என்று நினைத்தாளாம். அவள் விழவில்லை. கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாது என்று நம் ஊரில் சொல்வதுண்டு. இங்கே கண்ணடி பலிக்கவில்லை என்பதால்தான் கல்வத்துக்கு வேலை வந்திருக்கிறது. இந்த நஞ்சு அந்த வேலையைச் செய்து முடித்துவிடும் என்கிறாள். அவளுக்கு நஞ்சு என்பது தோற்றுப்போன பார்வைக்கு ஒரு மாற்று.

எதிரியிடம் அவள் அஞ்சுவதும் கண்களுக்குத்தான். தன்னைப் போலச் சிற்றுருவம் அல்ல அவள், நல்ல ஆகிருதி கொண்டவள், ஆண்மை நிறைந்த கண்களை உடையவள், அதனால்தான் அவனை வளைத்துப்போட்டாள் என்கிறாள். பெருமிதத்தோடு ஏறி இறங்கும் அவளுடைய நாடித்துடிப்பைப் பற்றிப் பேசும்போது வெறுப்போடு ஒரு வியப்பும் சேர்ந்து வருகிறது. எதிரியை இவ்வளவு உன்னிப்பாகப் பார்த்தவர்கள் அந்த அரசவையில் வேறு யாரும் இருந்திருக்க மாட்டார்கள், ஒருவேளை அந்தக் காதலன் உட்பட.

பதினோராம் பத்தியில், வேலை முடிந்ததும் முதலில் முகமூடியைக் கழற்றச் சொல்கிறாள். எதிரியைக் கொல்லப்போகும் துளியை அருகில் வைத்துப் பார்க்க அது தடையாக இருக்கிறதாம். உயிரைக் காக்கும் பொருளைவிடக் கண்ணாரப் பார்ப்பதே அவளுக்குப் பெரிதாகிவிடுகிறது.

பாலின், எலீஸ் என்ற இரண்டு பெயர்கள் வருகின்றனவே, அவர்களில் யார் எதிரி?

மாணவர் கையேடுகள் சிலவற்றில் இருவரையுமே காதலனின் பெண்கள் என்று எழுதிவிடுகிறார்கள். கவிதை அப்படித் தெளிவாகச் சொல்லவில்லை.

ஐந்தாம் பத்தியில் அவள் அறையைச் சுற்றிப் பார்த்து, இவை எல்லாம் என்னிடம் இருந்தால் எத்தனை இன்பங்கள் என்று ஏங்குகிறாள். காதணி, நகைப்பேழை, முத்திரை மோதிரம், விசிறி, பின்னல் வேலைப்பாட்டுக் கூடை, இவற்றில் சுத்தமான மரணத்தை ஒளித்துக் கொண்டுபோகலாமே என்கிறாள். ஒரு சீமாட்டி அரண்மனைக்கு எடுத்துச் செல்லும் அலங்காரப் பொருள்களின் பட்டியல் அது. பொருள்கள் மாறவில்லை, உள்ளடக்கம் மட்டும் மாறிவிட்டது. அந்தக் கனவின் தொடர்ச்சியாகத்தான் ஆறாம் பத்தி வருகிறது. ஒரு வில்லையைக் கொடுத்தால் பாலினுக்கு முப்பது நிமிட ஆயுள். ஒரு தூபவில்லையை ஏற்றினால் எலீஸ் தன் தலையோடும் மார்போடும் கைகளோடும் சாய்ந்துவிடுவாள்.

எனவே என் வாசிப்பில் உண்மையான எதிரி பெயரில்லாதவள். 'அவள்' என்று மட்டுமே சொல்லப்படுகிறாள். பாலினும் எலீசும் வழியில் அகப்பட்டவர்கள். ஒருத்தியைக் கொல்ல வந்தவளுக்குக் கொல்லும் ஆற்றல் கையில் கிடைக்கப்போகிறது என்றவுடன், கண்ணை உறுத்தும் மற்றவர்களும் நினைவுக்கு வருகிறார்கள். எலீசின் உடலை உறுப்பு உறுப்பாக எண்ணும் அந்த வரியில், அழகியைப் பார்த்துப் பார்த்துப் புழுங்கிய மனம் தெரிகிறது. இருவரில் ஒருத்தியே எதிரி என்று கொள்ளும் வாசிப்பையும் முற்றிலும் தள்ளிவிட முடியாது. ஆனால் பொறாமை எதிரிகளைப் பெருக்கிக்கொண்டே போகும் என்பது இந்த வாசிப்பில்தான் கிடைக்கிறது.

துரோகம் செய்தவன் காதலன். அவனை ஏன் விட்டுவிடுகிறாள்?

அவனை அவள் விட்டுவிடவில்லை. அவனுக்கு வேறு தண்டனை வைத்திருக்கிறாள்.

பத்தாம் பத்தி இதைச் சொல்கிறது. வலியில்லாமல் கொல்லச் சொல்லவில்லை. சாவை அவள் உணர வேண்டும், அதன் தடயம் தங்க வேண்டும் என்கிறாள். அந்த அழகின்மேல் சூடு போடட்டும், எரிக்கட்டும், கடித்துத் தின்னட்டும் என்று நஞ்சை ஏவுகிறாள். காரணத்தை அடுத்த வரியில் சொல்கிறாள். சாகும்போது அவள் முகம் எப்படி இருந்தது என்பது அவனுக்கு நிச்சயம் நினைவில் நிற்கும். அவன் ஆசையோடு பார்த்த முகத்தையே அவன் கண் முன்னால் சிதைத்து, இனி அவளை எண்ணும்போதெல்லாம் அந்தச் சிதைந்த முகமே வரும்படி செய்வதுதான் திட்டம். அவன் உயிரோடு இருந்தால்தான் பழி முழுமை அடையும். அவனைக் கொன்றுவிட்டால் யார் நினைவில் வைத்துக்கொள்வது?

அவன் தன்னிடம் திரும்பி வருவான் என்று ஒரு வரியிலும் அவள் சொல்லவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். அவனை மீட்பது அவள் நோக்கமாகவே இல்லை. காதல் என்ற சொல்லுக்கே கவிதையில் இடமில்லை.

விக்டோரியா கால வாசகர்களுக்கு நஞ்சு ஏன் அவ்வளவு நெருக்கமான பேச்சாக இருந்தது?

அது அவர்கள் வீட்டுச் சமையலறையில் இருந்ததுதான் காரணம். எலி கொல்லவும் ஈ கொல்லவும் ஆர்செனிக் என்னும் வெள்ளைப் பாஷாணம் மலிவாகக் கடைகளில் கிடைத்தது. நிறமில்லை, சுவை அநேகமாக இல்லை. மாவோடும் சர்க்கரையோடும் கலந்தால் தெரியாது. வாந்தியும் வயிற்றுப்போக்குமாக வரும் சாவைக் காலரா என்று எண்ணிப் புதைத்துவிடுவார்கள். 1836இல் ஜேம்ஸ் மார்ஷ் என்ற வேதியியலாளர், உடலில் மிகச் சிறிய அளவு ஆர்செனிக் இருந்தாலும் காட்டிக்கொடுக்கும் சோதனையை வெளியிட்டார். 1840இல் பிரான்சில் மரீ லஃபார்ஜ் என்ற இளம் மனைவி கணவனை நஞ்சிட்டுக் கொன்ற வழக்கில் அந்தச் சோதனை நீதிமன்றத்துக்கே வந்து, ஐரோப்பியச் செய்தித்தாள்களை நிறைத்தது. அதற்கு நான்கு ஆண்டுகளுக்குப் பின் வெளியானது இந்தக் கவிதை.

இந்தப் பின்னணியில், தடயம் தங்கட்டும் என்ற வரி வேறுவிதமாக ஒலிக்கிறது. அக்காலத்தில் நஞ்சிட்டவர்கள் அஞ்சியது தடயத்துக்கு. இவளோ தடயத்தைக் கேட்டு வாங்குகிறாள்.

1851இல் இங்கிலாந்தில் ஆர்செனிக் விற்பனைச் சட்டம் வந்தது. வாங்குபவர் பெயரைப் பதிவேட்டில் எழுத வேண்டும், சிறு அளவில் விற்கும் ஆர்செனிக்கில் புகைக்கரியையோ அவுரி நீலத்தையோ கலந்து நிறமேற்ற வேண்டும் என்றது சட்டம். வயதுவந்த ஆண்களுக்கு மட்டுமே விற்கலாம் என்று ஒரு விதியையும் சேர்க்கப் பார்த்தார்கள். பெண்களை எல்லாம் கொலைகாரிகளாகக் கருதும் செயல் இது என்று தத்துவ அறிஞர் ஜான் ஸ்டூவர்ட் மில் எதிர்த்து எழுத, அது கைவிடப்பட்டது. நஞ்சு என்றால் பெண் என்று அந்தச் சமூகம் எவ்வளவு எளிதாக முடிச்சுப் போட்டது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

நஞ்சின் நிறத்தைப் பற்றி அவள் ஏன் அவ்வளவு கவலைப்படுகிறாள்?

நான்காம் பத்தியில் கல்வத்தில் இருக்கும் பிசினைப் பார்த்து, இப்படிப் பொன் கசியும் மரம் எவ்வளவு அருமையான மரம் என்று வியக்கிறாள். அருகில் இருக்கும் குப்பியின் நீலம் அவளை மயக்குகிறது. நிச்சயம் இனிப்பாகத்தான் இருக்கும், அதுவும் நஞ்சா என்று கேட்கிறாள். துணிக்கடையில் பட்டைத் தடவிப் பார்ப்பவளின் குரல் அது. பிறகு ஏழாம் பத்தியில் தன் நஞ்சைப் பார்த்து, நிறம் இவ்வளவு கடுமையாக இருக்கிறதே, குப்பியில் இருப்பதைப் போல மென்மையாக, ஆசை காட்டுவதாக இருக்கக்கூடாதா என்று குறைப்படுகிறாள். எதிரி பானத்தைச் சுழற்றிப் பார்த்து, கலக்கி, சுவைத்து, இதுவே வேண்டும் என்று தேர்ந்தெடுக்க வேண்டுமாம். தன் சாவைத் தானே விரும்பி எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதில் இருக்கும் வன்மம் சாதாரணமானதல்ல. நஞ்சின் நிறம் ஆளை எச்சரிக்க வேண்டும் என்று பின்னால் வந்த சட்டம் நினைத்தது. நிறம் ஆளை அழைக்க வேண்டும் என்று இவள் நினைக்கிறாள்.

கிழவர் ஒரு வார்த்தையும் பேசுவதில்லையே. அவருக்குக் கவிதையில் என்ன பங்கு?

அவர் பேசுகிறார், நமக்குத்தான் கேட்பதில்லை. 'இதையா பிசின் என்கிறாய்' என்று அவள் கேட்கும்போது அவர் ஏதோ விளக்கியிருக்கிறார் என்று தெரிகிறது. 'முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாதே' என்று பின்னால் சொல்லும்போது அவர் தயங்குகிறார், அல்லது முகமூடியைக் கழற்றாதே என்று எச்சரிக்கிறார் என்று ஊகிக்கலாம். நஞ்சு விற்பவரே முகம் சுளிக்கும் அளவுக்கு அவள் பேச்சு போயிருக்கிறது என்றும் கொள்ளலாம்.

கடைசிப் பத்தியில், நகைகளை எல்லாம் எடுத்துக்கொள், பொன்னை வயிறு முட்ட விழுங்கு, வேண்டுமானால் என் வாயில் முத்தமிட்டுக்கொள் கிழவா என்கிறாள். அரசவைப் பெண் ஒருத்தி ஒரு மருந்துக்காரரிடம் இப்படிச் சொல்வது அன்றைய சமூக ஒழுங்கில் நினைத்தும் பார்க்க முடியாதது. அவள் குடிப்பெருமையும் செல்வமும் உடலும் அந்த ஒரு துளிக்கு விலையாகிவிட்டன. அந்தக் களிப்பில் தான் எவ்வளவு இழந்திருக்கிறாள் என்பது அவளுக்கு உறைக்கவே இல்லை.

ஓசையைப் பற்றி என்ன சொல்லலாம்?

அழுத்தமில்லாத இரண்டு அசைகளுக்குப் பின் ஓர் அழுத்தம் என்ற துள்ளல் நடை, வரிக்கு நான்கு அழுத்தங்கள், இரண்டிரண்டு வரிகளாக இயைபு. ஆங்கிலத்தில் இது குதிரைப் பாய்ச்சலுக்கும் வேடிக்கைப் பாட்டுக்கும் ஏற்ற சந்தம். கொலையைப் பேசும் கவிதைக்கு இதைத் தேர்ந்தது வேண்டுமென்றேதான். அவள் ஏற்கெனவே மனத்துக்குள் ஆடத் தொடங்கிவிட்டாள். மூன்றாம் பத்தியும் பன்னிரண்டாம் பத்தியும் அரசரின் நடனத்தைச் சொல்லியே முடிகின்றன. ஆனால் சூடு போடட்டும், எரிக்கட்டும், கடிக்கட்டும் என்னும் வரியில் ஆங்கில மூலம் ஒரே உதட்டு மெய்யை அடுத்தடுத்து மோதவிட்டு, துள்ளலை நிறுத்திவிடுகிறது. உரக்கப் படித்தால் அந்த இடத்தில் பல்லைக் கடிப்பது போல இருக்கும்.

எலிசபெத் பாரெட், பிரௌனிங்கை மணப்பதற்கு முந்தைய ஆண்டான 1845இல் எழுதிய கடிதம் ஒன்றில், இந்தக் கவிதை நீங்கள் நினைத்தபடியே கோரமாக வந்திருக்கிறது என்று ஒப்புக்கொண்டார். ஆனால் படிப்பவர் தடுமாறும்படி வரிகளை அமைக்கும் பழக்கம் உங்களுக்கு இருக்கிறது என்று இதன் தொடக்க வரிகளையே சுட்டிக்காட்டினார். 1849ஆம் ஆண்டுப் பதிப்பில் முதல் வரி மாறியிருக்கிறது. காதலியின் குறையை ஏற்றுக்கொண்டு திருத்திய கவிஞர் என்ற வகையில், இந்தக் கவிதையின் நாயகியைவிட அவர் எவ்வளவோ மேல்.

பிரௌனிங்கின் மற்ற கொலைக் கவிதைகளோடு ஒப்பிட்டால்?

'போர்ஃபிரியாஸ் லவர்' (1836) கவிதையில் காதலன் காதலியின் கூந்தலாலேயே அவள் கழுத்தை நெரிக்கிறான். 'மை லாஸ்ட் டச்சஸ்' (1842) கவிதையில் ஃபெராராவின் கோமகன், எல்லோரையும் பார்த்துப் புன்னகைத்த தன் மனைவியை எப்படி முடித்துவைத்தான் என்பதை ஓர் ஓவியத்தைக் காட்டியபடி நாசூக்காகச் சொல்கிறான். அந்த இரண்டிலும் பேசுபவர்கள் ஆண்கள், கொலை முடிந்துவிட்டது, கொல்லப்பட்டவள் அவர்களின் உடைமையாகக் கருதப்பட்டவள். கோமகனுக்குக் கட்டளையிட ஆட்கள் இருந்தார்கள்; மனைவியின் பார்வை பிறர்மேல் பட்டதே அவனுக்குப் பொறுக்கவில்லை.

இந்தப் பெண்ணுக்கு அப்படி எந்த அதிகாரமும் இல்லை. பணம் கொடுத்து, முகத்தை மூடி, கொல்லைப்புற அறைக்கு வந்து அதிகாரத்தை விலைக்கு வாங்க வேண்டியிருக்கிறது. அவளுடைய கொலை இன்னும் நடக்கவும் இல்லை. கோமகனின் நிதானமும் இவளுடைய படபடப்பும் அந்த வேறுபாட்டிலிருந்து வருபவை. பொறாமை இருவருக்கும் ஒன்றுதான், வசதிதான் வேறு.

கவிஞர் அவளைக் கண்டிக்கிறாரா?

வெளிப்படையாக ஒரு சொல்லும் இல்லை. அந்த அறையைப் பிசாசின் உலைக்களம் என்று சொல்பவளும் அவளேதான். தான் செய்வது எப்படிப்பட்டது என்று தெரிந்தே, கொஞ்சம் பெருமையோடு சொல்கிறாள். நாடகத் தனிமொழியின் வலிமையே இங்கேதான் இருக்கிறது. நமக்குக் கேட்பது அவள் குரல் மட்டும் என்பதால், சில வரிகள்வரை நாமும் அவள் பக்கம் சாய்ந்துவிடுகிறோம். கேலிக்குள்ளான பெண் என்ற பரிவு இரண்டாம் பத்தியில் வந்துவிடுகிறது. எலீசின் பெயர் வரும்போது அந்தப் பரிவை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் விழிக்கிறோம்.

இறுதியில் கொலை நடக்கிறதா? அவளுக்கு ஏதாவது நேருமா?

இரண்டுக்கும் கவிதையில் விடை இல்லை. ஆனால் குறிப்புகள் இருக்கின்றன. முகமூடியைக் கழற்றுகிறாள், அவளையே இது வதைக்கும் என்றால் என்னை இது என்ன செய்துவிடும் என்று தர்க்கமே இல்லாத ஒரு கேள்வி கேட்கிறாள், கிழவரை வாயில் முத்தமிடவும் சொல்கிறாள். கடைசியில், தான் அறியாமலேயே தனக்குத் தீங்கு வந்துவிடாதபடி இந்தத் தூசியைத் தட்டிவிடு என்கிறாள். ஆக, நஞ்சு ஏற்கெனவே அவள்மேல் படிந்திருக்கிறது. தட்டியதில் முழுவதும் போயிற்றா என்று சொல்ல ஆள் இல்லை.

இந்தக் கவிதைக்கு ஓவியம் உண்டா?

உண்டு. தாந்தே கேப்ரியல் ரோசெட்டி 1849இல் இதே தலைப்பில் வரைந்த நீர்வண்ண ஓவியம், அவருடைய முதல் நீர்வண்ணப் படைப்பாகக் கருதப்படுகிறது. பர்மிங்ஹாம் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

படிப்பவர்கள் அதிகம் தடுமாறும் இடம் எது?

எட்டாம் பத்தி. அங்கே அவள் நஞ்சின் அளவைப் பார்த்துத் துணுக்குறுகிறாள் என்பதைப் பலர் தவறவிடுகிறார்கள். இவ்வளவுதானா, ஒரே துளியா, அவள் என்னைப் போலச் சின்னவள் இல்லையே, இது எப்படிப் போதும் என்பதே அவள் கேள்வி. அந்தக் கண்களிலிருந்து ஆன்மாவை இந்தத் துளி விடுவிக்காது என்று அவள் சொல்வதற்குச் சாகடிக்காது என்று பொருள். அந்தக் கண்களின் மயக்கத்திலிருந்து காதலனை விடுவிக்காது என்று கொள்வது தவறு. நாடித்துடிப்பைப் பார்த்து 'நில்' என்று சொல்ல இந்தத் துளியால் ஆகுமா என்ற ஐயத்தோடு பத்தி முடிகிறது. முந்தைய இரவு தன் பார்வை தோற்ற கதையை அவள் சொல்வது இந்த ஐயத்துக்குப் பிறகுதான். கண்ணால் முடியாததை இது செய்துவிடும் என்று ஒன்பதாம் பத்தியில் அவள் அடித்துச் சொல்வது கிழவருக்காக மட்டும் சொல்லப்பட்டதாக எனக்குத் தோன்றவில்லை. தன்னைத் தானே தேற்றிக்கொள்கிறாள். எட்டையும் ஒன்பதையும் பிரிக்காமல் ஒரே மூச்சில் படித்தால் இது விளங்கும்.